ஒரு நடிகையின் வாக்குமூலம்

வங்காள நாடக மேடையில் ஒரு காலத்தில் ஒப்புயர்வின்றி விளங்கிய ஸ்ரீமதி வினோதினி தாசி தமது ஜீவிய சரித்திரத்தைத் தாமே எழுதி 1912-ம் வருஷத்தில் வெளியிட்டார். ‘ஆமார் கதா’, அதாவது ‘என் கதை’, என்பது அந்நூலின் பெயர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சில தினங்களுக்கு முன் நாம் வாசித்தோம். அளவில் சிறிய புத்தகம். ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம் என்று கையிலெடுத்தோம், முடிக்கவும் செய்தோம். ஆனால் அன்றிரவு நமக்கு நித்திரை சரியாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

தேச காரியங்களைப் பேசவேண்டிய பத்தியில் ஒரு நடிகையின், அதிலும் தம்மை வேசியர் குலத்தில் பிறந்தவள் என்று தாமே எழுதிக்கொண்ட ஒருவரின், கதைக்கு என்ன இடம் என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். தேசீயம் என்ற சொல்லைத் தன் வாசற்பலகையில் எழுதிக்கொண்டு பிறந்தது வங்காளத்துப் பொது நாடகசாலை. அந்தப் பரம்பரையில் எழுந்த ஒரு நாடகசாலைக்கு இந்த அம்மையார் தம் உடலையும் கொடுத்தார். கூலிக்காரர்களோடு நின்று மண்ணும் சுமந்தார். அதன் வாசலில் அவர் பெயரை எழுத மட்டும் கனவான்களுக்கு மனம் வரவில்லை. இது தேச காரியமா அல்லவா என்பதை வாசகர்களே நிதானித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். தாசி என்ற பட்டத்தைக் கண்டதும் நம் பக்கத்தார் ஓர் அர்த்தம் கொள்ளக்கூடும். வங்காளத்தில் அது அவ்வளவு குறுகிய சொல்லன்று. பிராமணரல்லாத குலங்களின் ஸ்திரீகள் பலர் தம் பெயருக்குப்பின் அதை இட்டு எழுதுவது அந்நாளில் வழக்கம். தக்ஷிணேசுவரத்துக் காளி கோயிலைக் கட்டிய ராணி ராசமணியும் தாசி என்றே கையெழுத்திட்டார். ஆகவே அந்தச் சொல்லை வைத்து வினோதினியை எடைபோடவேண்டியதில்லை. தம் பிறப்பைப் பற்றி அவர் எதையும் மறைக்கவில்லையாதலால் அதற்கு அவசியமும் இல்லை.

நாம் வக்கீல் தொழில் செய்த நாட்களில் கற்ற பாடம் ஒன்று உண்டு. சாக்ஷிக் கூண்டில் ஏறியவன் தனக்கு அனுகூலமானதையே சொல்லிக்கொண்டு போனால் நீதிபதியின் பேனா ஓடாது. தனக்கே பாதகமானதை ஒருவன் தானாக ஒப்புக்கொள்ளும்போது அவர் நிமிர்ந்து பார்ப்பார். அவனுடைய மற்ற வார்த்தைகளுக்கும் அப்பொழுதுதான் நிறை ஏற்படும். வினோதினி அம்மையாரின் நூல் இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது. பிறர் தமக்குச் செய்த வஞ்சகத்தைச் சொல்வதற்கு முன் தாம் பிறருக்குச் செய்த வஞ்சகத்தைச் சொல்லிவிடுகிறார்.

அவர் பிறந்தது 1863-ம் வருஷத்தை ஒட்டி. கல்கத்தாவில் கார்ன்வாலிஸ் தெருவில் 145-ம் எண்ணுள்ள வீடு அவருடைய பாட்டிக்குச் சொந்தம். ஓடு வேய்ந்த சில அறைகளைக் குடக்கூலிக்கு விட்டு வரும் வருமானமே அக்குடும்பத்தின் ஆதாரம். அந்த வருமானம் போதாமற்போனபோது பாட்டி ஒரு வழி கண்டாள். வினோதினியின் தம்பி ஐந்து வயதுப் பாலகன். அவனுக்கு இன்னும் சிறிய ஒரு பெண்குழந்தையை விவாகம் செய்துவைத்தாள். அக்குழந்தையோடு வந்த நகைகளைக் கொண்டு சில காலம் அடுப்பு எரிந்தது. பிறகு அந்தப் பையன் நோயுற்று மாண்டான். தமக்கும் குழந்தைப் பருவத்தில் ஒரு விவாகம் நடந்ததாகவும், அந்தச் சிறுவனை அவனுடைய உறவினர் அழைத்துச் சென்றபின் திரும்ப விடவில்லை என்றும் மங்கிய ஞாபகமாக எழுதுகிறார். ஒரு பெண் எவ்வாறு குலஸ்திரீயாகிறாள், எவ்வாறு ஆகாமற்போகிறாள் என்பதை இந்த இரண்டு பக்கங்கள் காட்டுவதுபோல நீண்ட பிரசங்கங்களும் காட்டமாட்டா.

அந்த வீட்டுக்குக் கங்காபாய் என்ற பாடகி குடிவந்தாள். அவளிடம் சிறுமி பாட்டுக் கற்றாள். பாட்டுக் கேட்க வந்துபோன இரண்டு பேர் சிறுமியைக் கண்டு ‘கிரேட் நாஷனல்’ நாடகசாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாதச் சம்பளம் 10 ரூபாய். வயது பதினொன்று, பன்னிரண்டு. அது 1874-ம் வருஷத்தின் கடைசி. ‘சத்துரு சம்ஹாரம்’ என்னும் நாடகத்தில் திரௌபதியின் தோழியாகச் சில வார்த்தைகளே பேசவேண்டிய சிறு வேடம். விளக்குகளின் ஒளியையும் ஆயிரம் கண்களையும் கண்டு உடல் வேர்த்ததையும், நெஞ்சு அடித்துக்கொண்டதையும், கால் நடுங்கியதையும் ஐம்பது வயதை எட்டும் காலத்தில் நினைத்து எழுதுகிறார். அந்தச் சிறுமி இன்னும் அவருக்குள்ளேயே நின்று நடுங்குவதுபோல் இருக்கிறது.

அக்காலத்து நிலைமையை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். வங்காளத்தில் டிக்கட்டு விற்று நாடகம் நடத்தத் தொடங்கியது 1872-ல். அப்பொழுது பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். மறுவருஷம் ‘பெங்கால்’ நாடகசாலையார், கவி மைக்கேல் மதுசூதனரின் யோசனைப்படி, நான்கு ஸ்திரீகளை மேடையேற்றினார்கள். விதவைகளுக்காக அத்தனை பாடுபட்ட ஈசுவர சந்திர வித்தியாசாகரர் இது பிடிக்காமல் அந்த நாடகசாலையின் ஆலோசனைச் சபையிலிருந்து விலகிக்கொண்டார். கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள். ஆகவே கண்ணியமற்றவை என்று கருதப்பட்ட வீடுகளிலிருந்தே பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் சீதையாகவும் சாவித்திரியாகவும் நடிக்கக் கண்ட சபையோர் கண்ணீர் விட்டுக் கைகூப்பினார்கள். வெளியே தெருவில் அவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

1875-ல் கம்பெனி வடநாட்டு யாத்திரை சென்றது. லக்ஷ்மணபுரியில், அதாவது லக்னோவில், ‘நீல தர்ப்பணம்’ ஆடினார்கள். அவுரித் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் குடியானவர்களைப் படுத்திய பாட்டைக் காட்டும் நாடகம் அது. சபையில் வெள்ளைக்காரர் பலர் அமர்ந்திருந்தனர். ஒரு குடியானவப் பெண்ணைப் பலவந்தம் செய்யவந்த துரையை ஒரு முகம்மதியக் குடியானவன் பிடித்துத் தள்ளி உதைக்கும் கட்டம் வந்ததும், சோல்ஜர்கள் உருவிய கத்தியோடு மேடைமேல் ஏறிவிட்டார்கள். ஆட்டம் நின்றது. நடிகைகள் அழுதுகொண்டு மூலையில் ஒடுங்கினார்கள். மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்போடு தப்பித்து ஊரைவிட்டுப் புறப்படவேண்டியதாயிற்று. ராஜாங்கத்தார் நாடகத்தைக் கண்டு எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்கு மறுவருஷம் பிறந்த நாடகச் சட்டமே அத்தாட்சி. வேல்ஸ் இளவரசரைத் தம் அந்தப்புரத்திற்குள் அழைத்து உபசரித்த கல்கத்தா வக்கீல் ஒருவரை ‘கிரேட் நாஷனல்’ மேடையில் பரிகாசம் செய்தார்கள்; உடனே அவசரச் சட்டம், கைது, பிறகு 1876-ம் வருஷச் சட்டம். அந்தக் கனவான் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. சுதந்திரம் பெற்று ஏறக்குறைய எழுபது வருஷங்கள் வரையில் அந்தச் சட்டம் புத்தகத்தைவிட்டு நீங்கவில்லை.

பிறகு வினோதினி ‘பெங்கால்’ நாடகசாலையில் சேர்ந்தார். பங்கிம் சந்திரரின் கதைகளில் அவர் நடித்ததைக் கண்டு, தாம் கற்பனையில் படைத்த பெண் உயிரோடு எதிரே நடமாடுவாள் என்று நினைத்ததில்லை என்ற கருத்தில் பங்கிம் பாபுவே வியந்தாராம். அங்கிருந்து கிரீச சந்திர கோஷிடம் வந்தார். வங்க நாடகத்துக்குத் தந்தை என்று கொண்டாடப்படும் கிரீச பாபு நாடகாசிரியர், நடிகர், உபாத்தியாயர் எல்லாம் ஒருவராயிருந்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஆங்கில நாட்டு நடிகைகளான ஸிடன்ஸ், எல்லன் டெர்ரி முதலியோரின் கதைகளைச் சொன்னார். ஒரு பாத்திரத்தை வாயால் ஒப்புவிப்பது வேறு, அதன் உள்ளத்தில் புகுந்து நிற்பது வேறு என்று கற்பித்தார். ‘மேகநாத வதம்’ நாடகமாக்கப்பட்டபோது அதில் வினோதினி ஒருவரே ஏழு வேடங்கள் தாங்கினார். குருவினிடம் அவருக்கிருந்த பக்தி நூல் முழுவதும் பரவியிருக்கிறது. நூலின் பெரும்பகுதி கிரீச பாபுவை விளித்து எழுதிய கடிதங்களாகவே அமைந்திருக்கிறது. ஆயினும் அந்தக் குருவையும் இந்த சாக்ஷி தப்பவிடவில்லை.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். பிரதாப்சந்த் ஜௌஹரி என்ற வியாபாரி அப்பொழுது ‘நாஷனல்’ நாடகசாலையின் முதலாளி. வினோதினி பதினைந்து நாள் ரஜா பெற்றுக் காசிக்குச் சென்று, அங்கே நோயுற்று, ஒரு மாதம் கழித்துத் திரும்பினார். ரஜாக் காலத்துச் சம்பளம் கொடுக்க முடியாது என்றார் முதலாளி. நடிகர்களுக்கும் அவரோடு பல மனஸ்தாபங்கள் இருந்தன. தங்களுக்கென்று ஒரு நாடகசாலை வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். ஆனால் பணம் இல்லை. அச்சமயத்தில் குர்முக் ராய் என்னும் இளவயது மார்வாடிச் செல்வர் ஒருவர் தோன்றினார். நாடகசாலை கட்டித்தர அவர் தயார். ஆனால் வினோதினி அவருடைய ஆதரவில் வரவேண்டும். அதுவே நிபந்தனை.

வினோதினியோ வேறொரு செல்வரின் ஆதரவில் இருந்தார். அவருக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. அந்தப் பிரபு இவரிடம் மறைத்துத் தம் ஊரில் விவாகம் செய்துகொள்ளப் போயிருந்தார் என்பது உண்மை; எனினும் தாம் செய்தது வாக்குத் தவறுதல் என்றும், அது தம்மை உறுத்தியது என்றும் அம்மையார் எழுதுகிறார். கூட நடித்தவர்கள் கெஞ்சினார்கள். அவர் ஒருவர் இசைந்தால் அத்தனை பேருக்கும் பிழைப்பு, நாட்டுக்கு ஒரு நாடகசாலை என்றார்கள். இசைந்தார். பழைய பிரபு திரும்பிவந்து ஒருநாள் காலை அவருடைய அறைக்குள் புகுந்து கத்தியை ஓங்கினார். அம்மையார் குனிந்துகொள்ள, வெட்டு ஆர்மோனியத்தின்மேல் விழுந்தது. சில காலம் அவரைப் பல இடங்களில் மறைத்துவைத்தார்கள்.

நாடகத்தை விட்டுவிட்டால் 50,000 ரூபாய் ரொக்கமாகத் தருவதாகக் குர்முக் ராய் சொன்னார். 10 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கியவருக்கு ஐம்பதினாயிரம்! வேண்டாம், நாடகசாலையே வேண்டும் என்றார் அவர். பீடன் தெருவில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கட்டடம் எழுந்தது. ஒத்திகை முடிந்தபின் அம்மையார் அங்கே சென்று, வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்ற ஆவலில், கூடை கூடையாக மண் சுமந்து கொட்டினார். கூலியாட்களுக்குக் கூடைக்கு இத்தனை சோழி என்று தம் கையாலேயே கொடுத்து உற்சாகப்படுத்தினார். அந்நாட்களைப்போல் இன்பமான நாட்கள் அந்த நூலில் வேறில்லை.

அவருடைய பெயரின் முதலெழுத்தை வைத்துப் ‘பி தியேட்டர்’ என்று புது நாடகசாலையை அழைப்பதாக எல்லோரும் வாக்களித்திருந்தார்கள். தாம் மறைந்த பிறகும் தம் பெயர் நிற்கும் என்று அவர் நம்பினார். பதிவுசெய்யச் சென்றவர்கள் திரும்பியதும் என்ன பெயர் என்று ஆவலோடு ஓடிவந்து கேட்டார். ‘ஸ்டார்’ என்று தாசு நியோகி விடை சொன்னார். சிறிது நேரம் பேச்சே எழவில்லையாம். வேசியின் பெயரை வைத்தால் கண்ணியவான்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் கண்ட நியாயம். வேசியின் ஆர்ஜிதத்தில் கட்டிய கட்டடத்தில் கண்ணியவான்கள் உட்காரலாம். பெயர்ப்பலகைதான் அவர்கள் கண்ணை உறுத்துமாம்! பெயரோடு நிற்கவில்லை. அவரையே நாடகசாலையிலிருந்து அகற்றச் சிலர் முயன்றதாகவும், இரண்டு மாத காலம் வீட்டிலிருக்க நேர்ந்ததாகவும் எழுதுகிறார்.

நாம் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, சட்டம் என்ன சொல்லும் என்று யோசித்தோம். வாக்குக் கொடுத்தவர்கள் உண்டு. அதை நம்பித் தன் பங்கைப் பூரணமாகச் செலுத்தியவர் உண்டு. சாதாரண விவகாரமாயிருந்தால் வாதிக்கு நல்ல வழக்கு. ஆனால் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு, ஒழுக்கத்துக்கு மாறான பிரதிபலனைக் கொண்ட உடன்படிக்கை செல்லாது என்கிறது. அதற்கு உதாரணமாகத் தன் மகளை வைப்பாக வாடகைக்கு விடுபவளின் உடன்படிக்கையையே எடுத்துக் காட்டுகிறது. ஆகவே வினோதினி நீதிஸ்தலத்துக்குப் போயிருந்தால் கதவு சாத்தப்பட்டிருக்கும். கட்டடம் மட்டும் சட்டப்படி செல்லுபடியாகும் சொத்து. சட்டத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒழுக்கக்கேட்டில் பங்குகொண்ட இருவரில் எவருக்கு லாபம் தங்கியது, எவருக்கு இழுக்கு தங்கியது என்பதைக் கவனிக்காமலிருக்க முடியவில்லை. அந்த அம்மையார் வேறொரு நியாயஸ்தலத்தைத் தேடவேண்டியதாயிற்று. அதற்கு முப்பது வருஷங்கள் பிடித்தன.

‘ஸ்டார்’ 1883-ம் வருஷம் ஜூலை 21-ந் தேதி ‘தக்ஷ யக்ஞ’த்தோடு திறக்கப்பட்டது. சில காலத்திற்குள் குர்முக் ராய் குடும்பத்தாரின் வற்புறுத்தலாலும் உடல்நலக் குறைவாலும் விலக நேர்ந்தது. அவர் தம் வாக்கை மறக்கவில்லை. வினோதினிக்குப் பங்கு கொடுக்க விரும்பினார். நடிகர்களாகிய நமக்குச் சொத்தின் தொல்லை எதற்கு என்று கிரீச பாபு சொல்லி அதைத் தடுத்தார். 11,000 ரூபாய்க்கு நாடகசாலை கைமாறியது. வாங்கியவர்கள் அமிர்தலால் மித்ரர், தாசு நியோகி, ஹரிப்பிரசாத வஸு, அமிர்தலால் வஸு என்ற நால்வர். சொத்தின் தொல்லை அவர்களுக்கு மட்டும் ஆகும்போலும்!

1884-ல் அதே மேடையில் ‘சைதன்ய லீலை’ நடந்தது. ஸ்ரீ சைதன்யராக வேடம் பூண்டவர் வினோதினி. அன்றைய தினம் கங்கையில் நீராடி, துர்க்கையின் நாமத்தை நூற்றெட்டு முறை எழுதி, பகவான் பாதத்தைத் தியானித்து மேடைக்குச் சென்றதாகச் சொல்லுகிறார். ஆடுகையில் சில வேளை மூர்ச்சையாகி விழுந்ததும் உண்டு. செப்டம்பர் 21-ந் தேதி ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர் அந்த நாடகத்தைப் பார்க்க வந்தார். ஆட்டம் முடிந்ததும், ஊரார் தீண்ட அஞ்சிய அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பிற்காலத்தில் பரமஹம்ஸர் நோயுற்று சியாம்புகூரில் இருந்தபோது பார்வையாளர்களை விடாமல் சீடர்கள் தடுத்தனர். வினோதினி வெள்ளைக்காரத் துரைபோல் கோட்டும் தொப்பியும் அணிந்து உள்ளே புகுந்துவிட்டார். சங்கதி அறிந்த ஸ்ரீ ராமகிருஷ்ணர் சிரித்து மகிழ்ந்ததாக அவருடைய சீடர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். மேடைக் கலை அவருக்கு மெய்யாகவே உபகாரம் செய்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

1887-ம் வருஷத்தின் முதல் தினத்தோடு அவர் மேடையை விட்டார். பன்னிரண்டு வருஷத் தொழில். வயது இருபத்துநாலுக்குமேல் இல்லை. அதன் பின் ஒரு கண்ணியமான குடும்பத்துக் கனவானின் ஆதரவில் வாழ்ந்தார். அவர் பெயரை நூலில் எங்கும் சொல்லவில்லை. கத்தி ஓங்கிய பிரபுவின் பெயரையும் சொல்லவில்லை. தொழிலில் வஞ்சித்தவர்களின் பெயர்கள் வெளிப்படையாக இருக்க, வீட்டுக்குள் வந்த கனவான்களின் மானத்தை அவர் காத்திருக்கிறார். கனவான்கள் அவருடைய மானத்தை அவ்வாறு காக்கவில்லை. சகுந்தலை என்ற ஒரே மகளைப் படிக்கவைக்க விரும்பினார்; தாயின் பிறப்பைச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக் கதவுகள் மூடப்பட்டன. அந்தப் பெண் 1904-ல், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், இறந்தாள். 1912-ல் அந்தக் கனவானும் காலமானார். அம்மையார் கார்ன்வாலிஸ் தெருவின் பழைய வீட்டுக்கே திரும்பினார்.

நூலுக்கு முகவுரை எழுதித் தரும்படி அவர் குருவைக் கேட்டார். கிரீச பாபு எழுதினார். சிஷ்யையின் திறமையை அதில் தாராளமாகப் புகழ்ந்தார். வாசித்துப் பார்த்த வினோதினி அதை ஏற்கவில்லை. நடந்த உண்மைகள் பல அதில் இல்லை என்று திருப்பி அனுப்பினார். கசப்பான உண்மைகளை எப்பொழுதும் சொல்லவேண்டுமென்பதில்லை என்ற பாவத்தில் குரு சமாதானம் சொன்னார். பிறகு, தாம் கண்மூடுவதற்குள் வேறு எழுதித் தருவதாக வாக்களித்தார். 1912-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி அவர் காலமானார். இந்த வாக்கும் முன் வாக்கைப் போலவே நின்றுவிட்டது. முதற்பதிப்பு அந்த முகவுரை இல்லாமலே வெளிவந்தது. மறுவருஷம் இரண்டாம் பதிப்பில், தாம் நிராகரித்த அதே முகவுரையைச் சேர்த்து, அதை ஏன் நிராகரித்தார் என்ற விவரத்தையும் சேர்த்தே அச்சிட்டார். எதிர்க்கட்சியின் தஸ்தாவேஜைத் தாமே தாக்கல் செய்து, தம் ஆக்ஷேபணையையும் பதிவுசெய்யும் தைரியம் பெரிய வக்கீல்களிடத்திலும் நாம் அடிக்கடி கண்டதில்லை. குருவின் புகழுக்கு இதனால் குறைவு வந்ததென்று நாம் எண்ணவில்லை. அவர் மனிதராகத் தோன்றுகிறார், அவ்வளவுதான்.

அம்மையார் 1941-ம் வருஷம் பிப்ரவரி மாதம் மரணமடைந்தார். பீடன் தெருவில் மண் சுமந்து கட்டிய கட்டடம் அதற்கு வெகு காலம் முன்பே, அவர் மேடையை விட்ட 1887-லேயே, வேறொருவருக்கு விலையாகி ‘எமரால்ட்’ என்று பெயர் மாறிப் போயிருந்தது. பிறகு புதிதாகப் போட்ட பெரிய சாலையில் அந்த இடமே மறைந்துவிட்டது. ‘ஸ்டார்’ என்ற பெயரை மட்டும் நடிகர்கள் தம்மோடு எடுத்துச் சென்று 1888-ல் ஹாத்திபாகானில் வேறு நாடகசாலை கட்டினார்கள். அது 1991-ல் தீக்கிரையாகி, 2004-ல் மறுபடியும் திறக்கப்பட்டது. 2024-ம் வருஷம் டிசம்பர் கடைசியில், அந்த ‘ஸ்டார்’ இனி வினோதினியின் பெயரால் வழங்கும் என்று மேற்கு வங்க முதலமைச்சர் அறிவித்தார். ‘பி தியேட்டர்’ என்று வாக்களித்து நூற்றுநாற்பத்தொரு வருஷங்கள் ஆகியிருந்தன.

அந்தக் கட்டடத்தில் வினோதினி அம்மையார் ஒரு நாளும் நடித்ததில்லை. ஆனால் அது நிற்கும் பிதான் சரணி என்னும் சாலைக்குப் பழைய பெயர் கார்ன்வாலிஸ் தெரு. அவருடைய பாட்டி ஓட்டு அறைகளைக் குடக்கூலிக்கு விட்டுப் பிழைத்த 145-ம் எண் வீடு இருந்ததும் அதே தெருவில்தான்.